ரெட் டாட் சைட் சரியாக வேலை செய்யாதபோது: பழுதைக் கண்டறிந்து நீக்குவதற்கான முழுமையான வழிகாட்டி

துப்பாக்கியின் மேல் பொருத்தப்பட்டு, குறிபார்ப்பதற்காக ஒரு சிவப்பு ஒளிப்புள்ளியைக் காட்டும் கருவியே ரெட் டாட் சைட். அதன் உள்ளே இருப்பவை மிகச் சில உறுப்புகளே. ஒரு சிறிய எல்இடி, அதன் ஒளியைக் கண்ணை நோக்கித் திருப்பும் சற்றே வளைந்த லென்ஸ், ஒளியின் அளவைக் கட்டுப்படுத்தும் மின்சுற்று, ஒரு பேட்டரி, புள்ளியை மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகர்த்தும் இரண்டு திருகுகள், இவற்றையெல்லாம் துப்பாக்கியோடு பிணைக்கும் மவுண்ட் ஆகியவற்றைத் தவிர அதில் பெரிதாக வேறொன்றும் இல்லை. ஆகவே பழுது தோன்றக்கூடிய இடங்களும் எண்ணத்தக்கவையே. மின்சுற்றே செயலிழந்து போவதும் உண்டு. ஆனால் அந்த முடிவுக்கு வருவதற்கு முன் பேட்டரி, அதன் தொடுமுனைகள், மவுண்டின் திருகுகள், லென்ஸின் மேல் படிந்த அழுக்கு, பார்ப்பவரின் கண் ஆகிய ஐந்தையும் ஒவ்வொன்றாக விலக்கியாக வேண்டும்.

சோதிக்கும்போது கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்கு இரண்டே வரிகளில் அடங்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும்; மவுண்ட் உறுதியாக இருக்கிறது என்று தெரியும் வரை புள்ளியை நகர்த்தும் திருகுகளைத் தொடக் கூடாது. குண்டு குறி தவறிப் போகும்போது பலரும் முதலில் செய்வது அந்தத் திருகுகளைத் திருப்புவதுதான். அப்படித் திருப்பியவுடன் பழைய ஜீரோவும், அதாவது குறிப்பிட்ட தூரத்தில் புள்ளி காட்டும் இடத்திலேயே குண்டு படும்படி செய்துவைத்த அமைப்பும், போய்விடுகிறது. எது எவ்வளவு நகர்ந்தது என்பதற்கான தடயமும் அதோடு மறைந்துவிடுகிறது.

முதல் படி: துப்பாக்கியைக் காலி செய்தல்

தோட்டாக்கள் அடங்கிய மேகசினைக் கழற்றிய பிறகு ஸ்லைடையோ போல்ட்டையோ பின்னுக்கு இழுத்து நிறுத்தி, குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையான சேம்பரில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணால் பார்த்தும் விரலால் தொட்டும் உறுதிசெய்ய வேண்டும். மேகசினைக் கழற்றாமல் போல்ட்டை மட்டும் இழுத்தால் அடுத்த தோட்டா சேம்பருக்குள் ஏறிவிடும் என்பதால் இந்த வரிசை மாறக் கூடாது. பழுது பார்க்கும் மேசையில் மட்டுமன்று, அந்த அறையிலேயே தோட்டாக்கள் இல்லாதபடி பார்த்துக்கொள்வது நல்லது. எல்இடியின் வெளிச்சத்தைச் சோதிப்பதற்காகச் சைட்டை முன்புறமிருந்து பார்க்க வேண்டிய தேவை பின்னர் வரும். அந்தச் சோதனையைச் சைட்டைத் துப்பாக்கியிலிருந்து கழற்றிய பின்னரே செய்ய வேண்டும். காலியான துப்பாக்கியாக இருந்தாலும் அதன் குழல் முனைக்கு எதிரே முகத்தைக் கொண்டு செல்வதற்கு எந்தச் சோதனையும் நியாயமாகாது.

அடுத்து, குறைபாடு என்ன என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். புள்ளி தோன்றவே இல்லையா, தோன்றி மறைகிறதா, உருவம் சிதைந்து தெரிகிறதா, புள்ளி நன்றாகத் தெரிந்தும் குண்டு வேறிடத்தில் படுகிறதா, திருகுகளைத் திருப்பியும் புள்ளி நகரவில்லையா, லென்ஸ் மங்கலாக இருக்கிறதா என்ற கேள்விகளுக்கான விடையே எந்தப் பகுதியிலிருந்து தொடங்குவது என்பதைத் தீர்மானிக்கும்.

புள்ளி தோன்றவில்லை என்றால்

பேட்டரியை மாற்றுவதற்கு முன் வெளிச்ச அளவைப் பாருங்கள். இரவுப் பார்வைக் கருவிகளோடு பயன்படுத்துவதற்கென்று பல சைட்களில் மிகக் குறைந்த வெளிச்ச நிலைகள் சில தரப்பட்டிருக்கும். வெறும் கண்ணுக்கு அவை தெரியவே மாட்டா. அந்த நிலையில் விடப்பட்ட சைட் முழுமையாக இறந்துவிட்டது போலவே தோன்றும். எனவே வெளிச்சத்தை உச்சத்துக்கு உயர்த்தி, இருட்டான அறையில் வைத்துப் பார்க்க வேண்டும். தானாக அணைந்துபோகும் வசதி, பொத்தான்களைப் பூட்டிவைக்கும் வசதி, அசைவு இருந்தால் மட்டும் விழித்துக்கொள்ளும் வசதி ஆகியவையும் இதே ஐயத்தை உண்டாக்குகின்றன. தானியங்கி வெளிச்சக் கட்டுப்பாடு உள்ள சைட்களில் இன்னொரு சிக்கல் உண்டு. அவற்றின் உணரி பெரும்பாலும் சைட் இருக்கும் இடத்தின் ஒளியையே அளக்கிறது; நிழலில் நின்றுகொண்டு வெயிலில் இருக்கும் இலக்கைப் பார்க்கும்போது புள்ளி போதிய ஒளியின்றிக் கரைந்துவிடும். இது பழுதன்று. கையால் வெளிச்சத்தைக் கூட்டும் நிலைக்கு மாற்றிக்கொண்டால் போதும்.

வெளிச்ச நிலை காரணமில்லை என்றால் பேட்டரிக்கு வரலாம். பரவலாகப் பயன்படும் சிஆர்2032 பேட்டரியின் பெயரிலேயே அதன் அளவு இருக்கிறது: விட்டம் 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர். சிஆர்2025 அதே விட்டம் கொண்டது, ஆனால் தடிமன் 2.5 மில்லிமீட்டர் மட்டுமே. அது பேட்டரி அறைக்குள் எளிதாக உட்கார்ந்துவிடும். மூடியைத் திருகினால் புள்ளியும் தெரியலாம். ஆனால் முதல் சில குண்டுகளிலேயே தொடர்பு அறுந்துபோகக்கூடும். எல்ஐஆர்2032 என்ற மீண்டும் சார்ஜ் செய்யக்கூடிய வகையைத் தயாரிப்பாளர் அனுமதிக்காதவரை பயன்படுத்தக் கூடாது, ஏனெனில் முழுமையாகச் சார்ஜ் ஆன நிலையில் அதன் மின்னழுத்தம் ஏறத்தாழ 4.2 வோல்ட் இருக்கும். சைட்டின் மின்சுற்றோ 3 வோல்ட் பேட்டரிக்கென்று அமைக்கப்பட்டிருக்கலாம்.

மல்டிமீட்டரில் 3 வோல்ட் காட்டுகிறது என்பதாலேயே பேட்டரி நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடக் கூடாது. லித்தியம் நாணய வகைப் பேட்டரிகள் தீரும் தறுவாயிலும், எந்தச் சுமையும் இல்லாதபோது, ஏறத்தாழ அதே மின்னழுத்தத்தைக் காட்டும். எல்இடி மின்சாரத்தை இழுக்கத் தொடங்கியதும் அது சரிந்துவிடும். குளிரில் இந்தச் சரிவு இன்னும் கூடுதலாகும். ஆகவே அளந்து பார்ப்பதைவிட, காலாவதி ஆகாத, உறை பிரிக்கப்படாத புதிய பேட்டரி ஒன்றைப் போட்டுப் பார்ப்பதே நம்பகமான சோதனை. நேர்முனை எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதை அறைக்குள் உள்ள குறியீட்டைப் பார்த்தே வையுங்கள். எல்லா மாதிரிகளிலும் அது மேல்நோக்கியே இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம்.

புதிய பேட்டரியும் பயன் தரவில்லையா? தொடுமுனைகளைப் பார்க்க வேண்டும். குழந்தைகள் விழுங்கிவிடாமலிருப்பதற்காகச் சில நாணயப் பேட்டரிகளின் மேல் கசப்புப் பூச்சு பூசப்படுகிறது. அந்தப் பூச்சு சில கருவிகளில் தொடுமுனைக்கும் பேட்டரிக்கும் இடையே மின்தடையாக அமைந்துவிடுகிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் பேட்டரியின் இரு முகங்களையும் தொடுமுனைகளையும் துடைத்து, முழுமையாக உலரவிட்ட பிறகு மீண்டும் பொருத்துங்கள். பச்சை அல்லது வெள்ளை நிறப் படிவு தெரிந்தால் பழைய பேட்டரி கசிந்திருக்கிறது என்று பொருள். தட்டையாக அமுங்கிப்போன ஸ்பிரிங் தொடுமுனையை மரக்குச்சியால் மிக மெல்லத் தூக்கிவிடலாம். உலோகக் கருவி வேண்டாம். உருளை வடிவப் பேட்டரி போடும் சைட்களில் மூடியே மின்பாதையின் ஒரு பகுதியாக அமைந்திருப்பதுண்டு. அவற்றில் மூடியின் மரையில் எண்ணெயும் அழுக்கும் சேர்ந்தாலே மின்சாரம் நின்றுவிடும்.

இதற்குப் பிறகும் புள்ளி இல்லையென்றால், சைட்டைக் கழற்றி, இருட்டில், எல்இடி இருக்கும் பொந்தை நேராகப் பாருங்கள் அல்லது செல்பேசிக் கேமராவால் படமெடுங்கள். எல்இடி ஒளிர்கிறது, ஆனால் கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ் ஜன்னலில் புள்ளி இல்லை என்றால் மின்சுற்று நலமாகவே இருக்கிறது. ஒளி செல்லும் வழியை ஏதோ மறைக்கிறது, அல்லது திருகுகள் எல்லைவரை திருப்பப்பட்டுப் புள்ளி பார்வைக்கு வெளியே போய்விட்டது, அல்லது லென்ஸ் தன் இடத்திலிருந்து பெயர்ந்துவிட்டது. எல்இடி திறந்த வெளியில் அமைந்த சைட்களில் ஒரு நீர்த்துளியோ உறையிலிருந்து உதிர்ந்த நூலிழையோ போதும், புள்ளி மறைந்துவிடும். காற்றூதும் ரப்பர் பந்தால் ஊதி எடுங்கள். விரலாலோ துணி முனையாலோ குத்தி எடுக்க வேண்டாம். எல்இடியே ஒளிரவில்லை என்றால் மட்டும், இதுவரை சொன்ன எல்லாவற்றையும் செய்து முடித்திருந்தால், மின்சுற்றின் மேல் ஐயப்படுவது பொருத்தம்.

புள்ளி விட்டுவிட்டு எரிந்தால்

சுடும்போது மட்டும் ஒரு கணம் அணைந்து மீண்டும் வருகிறது என்றால், பின்னுதைப்பில் பேட்டரி தொடுமுனையைவிட்டு விலகித் திரும்புகிறது என்றே கொள்ளலாம். காலியான துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு சைட்டின் பக்கவாட்டில் உள்ளங்கையால் தட்டிப் பார்த்தால் இதே விளைவு பெரும்பாலும் தெரியும். பேட்டரியின் தடிமன், ஸ்பிரிங்கின் இறுக்கம், மூடி முழுமையாகத் திருகப்பட்டிருக்கிறதா என்பது ஆகிய மூன்றையும் பாருங்கள். பேட்டரி அடிப்பக்கத்தில் இருக்கும் சைட்களில் மவுண்ட் தகடே அறையை மூடுகிறது. தகடு சமமாக அமராவிட்டால் பேட்டரி ஆடும், ஈரமும் உள்ளே போகும்.

செல்பேசியில் வீடியோ எடுக்கும்போது மட்டும் புள்ளி துடிப்பது போலத் தெரிந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். சில சைட்கள் எல்இடியை மிக வேகமாக அணைத்து எரித்தே வெளிச்சத்தைக் குறைக்கின்றன. கண்ணுக்குப் புலப்படாத அந்தத் துடிப்பைக் கேமரா பிடித்துக்கொள்கிறது.

புள்ளியின் உருவம் சிதைந்து தெரிந்தால்

புதிய சைட் வாங்கியவர் அதைப் பழுது என்று திருப்பியனுப்பத் துடிக்கும் குறைபாடு இதுவே. புள்ளி வால் முளைத்தது போலவோ, நட்சத்திரமாகச் சிதறியோ, இரண்டு மூன்று புள்ளிகளின் கொத்தாகவோ தெரியும். காரணம் பல வேளைகளில் சைட்டில் இல்லை; பார்ப்பவரின் கண்ணில் உள்ள சிதறல் பார்வை, அதாவது அஸ்டிக்மாட்டிசம், அதற்குக் காரணமாக இருக்கிறது. விழியின் முன்புறப் பரப்பு எல்லாத் திசைகளிலும் ஒரே அளவில் வளைந்திராதபோது, ஒரு சிறிய ஒளிப்புள்ளி விழித்திரையில் புள்ளியாகக் குவிவதில்லை.

இதைப் பிரித்தறிய மூன்று எளிய சோதனைகள் உண்டு. சைட்டைக் கையில் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள்: சிதைவும் சேர்ந்து சுழன்றால் குறை சைட்டில், சைட் சுழன்றும் சிதைவு அதே திசையில் நின்றால் குறை கண்ணில். அடுத்து, ஒரு அட்டையில் ஊசித்துளை இட்டு அதன் வழியாகப் பாருங்கள். புள்ளி வட்டமாகத் திருந்திவிட்டால் அதுவும் கண்ணையே சுட்டுகிறது. மூன்றாவதாக, கேமராவைச் சைட்டின் பின்னே நிறுத்தி, இலக்கின் மேல் குவியம் வைத்துப் படமெடுங்கள். படத்தில் புள்ளி சுத்தமாக இருந்தால் சைட்டைக் குறைசொல்ல இடமில்லை. ஆனால் வெளிச்சத்தைக் குறைத்த பிறகே இந்தச் சோதனைகளைச் செய்யுங்கள், ஏனெனில் அளவுக்கு மீறிய வெளிச்சத்தில் எவர் கண்ணுக்கும், எந்தக் கேமராவுக்கும், புள்ளி பரவித்தான் தெரியும். கண்ணில்தான் குறை என்று தெரிந்தால் கண் மருத்துவரின் கண்ணாடியோடு பார்க்க வேண்டும். வெளிச்சத்தைக் குறைப்பதும், புள்ளியை விட்டுவிட்டு இலக்கின் மேலேயே பார்வையை வைப்பதும் ஓரளவு உதவும்.

லென்ஸில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் புள்ளியைச் சுற்றி ஒளிவட்டம் தோன்றும். ஜன்னல் வழியே தெரியும் காட்சி சற்று நீலம் பாய்ந்திருப்பதோ பழுதன்று. லென்ஸின் பூச்சு சிவப்பு நிறத்தின் ஒரு குறுகிய பகுதியைப் பார்ப்பவரை நோக்கித் திருப்பிவிடுவதால், முன்னாலிருந்து வரும் ஒளியில் அந்தப் பகுதி குறைந்துவிடுகிறது.

குண்டு புள்ளியிருக்கும் இடத்தில் படாவிட்டால்

இங்கேதான் பொறுமை வேண்டும். ஜீரோ நகர்ந்துவிட்டது என்று சொல்லப்படுபவற்றில் சைட்டின் உட்புறக் கோளாறு கடைசியாகவே சந்தேகிக்கத்தக்கது.

மவுண்டிலிருந்து தொடங்குங்கள். சைட்டைக் கையால் பற்றி முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் அசைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு ஆட்டமே இலக்கில் பல சென்டிமீட்டர் விலகலாகிவிடும். திருகுகளின் தலையிலும் அதை ஒட்டிய உடற்பகுதியிலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போட்டுவைத்திருந்தால், கோடு முறிந்திருக்கிறதா என்று பார்த்தவுடனே திருகு சுழன்றது தெரிந்துவிடும். அப்படிக் கோடு போட்டுவைக்காதவர்கள் இப்போதாவது போட்டுக்கொள்ளலாம்.

திருகு தளர்ந்திருந்தால் அதை அப்படியே மீண்டும் இறுக்குவது தற்காலிகத் தீர்வே. அதை முழுமையாக வெளியே எடுத்து, மரையிலும் துளையிலும் உள்ள எண்ணெயை ஆல்கஹாலால் அகற்றி, திருகு தளராமல் பிடித்துக்கொள்ளும் பசையான த்ரெட் லாக்கரில் நடுத்தர வலுவுடைய நீல நிற வகையை ஒரு துளி இட்டு, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சைக் கொண்டு இறுக்க வேண்டும். சிவப்பு நிற வகை வேண்டாம். அதைப் பிறகு கழற்றச் சூடாக்க வேண்டியிருக்கும், சூடு சைட்டுக்கு ஆகாது. கைத்துப்பாக்கி சைட்களின் திருகுகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு 12 முதல் 15 இன்ச்-பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1.4 முதல் 1.7 நியூட்டன் மீட்டர். உங்கள் சைட்டின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுவே செல்லும். இரண்டு திருகுகளையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். த்ரெட் லாக்கர் முழு வலுவை அடைய 24 மணி நேரம் தேவைப்படும்; ஒட்டிய உடனே சுடும் திடலுக்குப் போவதில் பயனில்லை.

திருகின் நீளமும் கவனிக்கத்தக்கது. குட்டையான திருகு போதிய மரைகளில் பிடிக்காமல் பின்னுதைப்பில் பிய்த்துக்கொண்டு வரும். நீளமான திருகோ அடிவரை சென்று முட்டிக்கொள்ளும். இறுகிவிட்டது போன்ற உணர்வு கைக்குக் கிடைக்கும், சைட் மட்டும் இறுகியிராது. சில கைத்துப்பாக்கிகளில் அந்த நீளமான திருகு, சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் உறுப்புகளை அழுத்தி, அந்தக் கூடு வெளியேறாமல் போவதற்கும் காரணமாகும். சைட்டைப் பொருத்திய பிறகே துப்பாக்கி சிக்கத் தொடங்கியது என்றால் முதலில் இதைப் பாருங்கள். இணைப்புத் தகடு இடையே இருக்குமானால் தகட்டுக்கும் துப்பாக்கிக்கும், தகட்டுக்கும் சைட்டுக்கும் என இரண்டு இணைப்புகளையும் தனித்தனியே சோதிக்க வேண்டும்.

நீள்துப்பாக்கியில், குறுக்குப் பள்ளங்கள் கொண்ட பட்டையான பிக்கட்டினி ரெயிலின் மேல் பொருத்தும்போது, மவுண்டின் குறுக்குப் பட்டை ரெயிலின் பள்ளத்துக்குள் உட்கார்ந்த பிறகு, சைட்டைக் குழல் முனையை நோக்கி முன்னே தள்ளிப் பிடித்துக்கொண்டே இறுக்குங்கள். துப்பாக்கி பின்னுதைக்கும்போது சைட் தன் நிறையால் இருந்த இடத்திலேயே நிற்க முயல்வதால், துப்பாக்கியைப் பொறுத்தவரை அது முன்னோக்கியே நகரப் பார்க்கும். அந்த இடைவெளியை முன்கூட்டியே இல்லாமலாக்குவதே இதன் நோக்கம்.

மவுண்ட் உறுதியானதும், துப்பாக்கியில் இரும்புக் குறிகள் இருந்தால் அவற்றைச் சாட்சியாக்கலாம். ஒரே தூரத்துக்கு இரண்டும் ஜீரோ செய்யப்பட்டிருந்தால், முன்குறியையும் பின்குறியையும் நேராக வைத்துப் பார்க்கும்போது புள்ளி முன்குறியின் உச்சியில் அமர்ந்திருக்கும். முன்பு அப்படி இருந்து இப்போது விலகியிருந்தால் சைட்டோ மவுண்டோ நகர்ந்திருக்கிறது. விலகவில்லை என்றால், சைட்டைக் குறைசொல்வதற்கு முன் தோட்டாவின் வகை மாறியதா, விசையை இழுக்கும்போது கை இழுக்கப்படுகிறதா என்று பாருங்கள். துப்பாக்கியை மணல் மூட்டையின் மேல் தாங்கலாக வைத்து, ஒரே வகைத் தோட்டாவில் ஐந்து குண்டுகள் சுட்டால் விடை கிடைத்துவிடும்: குண்டுகள் நெருக்கமாக ஓரிடத்தில் விலகிப் பட்டிருந்தால் ஜீரோவைத் திருத்தினால் போதும், அங்கங்கே சிதறியிருந்தால் ஏதோ ஆடுகிறது, அல்லது சுடுபவரிடம் சீரில்லை. இன்னொருவரைச் சுடச் சொல்லிப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கிட்டத்து இலக்குகளில் புள்ளி ஜன்னலின் ஓரத்தில் இருக்கும்படி பார்த்துச் சுட்டாலும் விலகல் வரும். பாரலாக்ஸ், அதாவது கண் நகர்ந்தால் இலக்கின் மேல் புள்ளியும் இடம்மாறித் தெரிவது, அறவே இல்லாத ரெட் டாட் சைட் கிடையாது, விளம்பரம் எதைச் சொன்னாலும் சரி. துப்பாக்கியை அசையாமல் நிறுத்தித் தலையை மட்டும் நகர்த்தினால் இலக்கின் மேல் புள்ளி எவ்வளவு ஊர்கிறது என்பதை நேரடியாகவே காணலாம். வெப்பநிலை மாற்றமும் ஜீரோவை நகர்த்தக்கூடும். ஹாலோகிராபிக் சைட்களைத் தயாரிக்கும் ஈஓடெக்கின் அன்றைய தாய் நிறுவனமான எல்-3, தன் சைட்கள் கடுமையான வெப்பநிலைகளில் சொன்னபடி இயங்கவில்லை என்ற வழக்கை முடித்துக்கொள்ள 2015 நவம்பரில் அமெரிக்க அரசுக்கு 2.56 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அவை லேசர் டயோடைக் கொண்டு இயங்கும் வேறு வகைக் கருவிகள் என்றாலும், வெயிலில் ஜீரோ செய்த எந்தச் சைட்டையும் கடுங்குளிரில் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

திருகைத் திருப்பியும் புள்ளி நகராவிட்டால்

கணக்குப் போட்டுப் பார்த்தாலே பாதி ஐயங்கள் தீரும். திருகின் ஒரு கிளிக் 1 எம்ஓஏ, அதாவது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு கோணம், என்றால் 100 மீட்டரில் குண்டு ஏறத்தாழ 2.9 சென்டிமீட்டர் நகரும். 10 மீட்டரில் அது 3 மில்லிமீட்டருக்கும் குறைவு. பத்து மீட்டரில் நின்று மூன்று கிளிக் திருப்பிவிட்டு ஒன்றும் மாறவில்லை என்பவர், குண்டுத் துளையின் அகலத்துக்குள்ளேயே மாற்றத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

உண்மையிலேயே நகர்கிறதா என்பதைச் சுடாமலே சோதிக்கலாம். காலியான துப்பாக்கியை அசையாதபடி பிடிப்பானில் நிறுத்தி, 25 மீட்டர் தொலைவில் கட்டங்கள் வரைந்த தாளை ஒட்டி, புள்ளி நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இப்போதைய நிலையிலிருந்து வலம் 20, மேல் 20, இடம் 20, கீழ் 20 கிளிக் எனத் திருப்பினால் புள்ளி ஒரு சதுரத்தை வரைந்துவிட்டுத் தொடங்கிய இடத்துக்கே திரும்ப வேண்டும்; 1 எம்ஓஏ கிளிக் ஆனால் சதுரத்தின் பக்கம் ஏறத்தாழ 14.5 சென்டிமீட்டர் இருக்கும். திரும்பி வராவிட்டாலோ, ஒரு திசையில் நகராமல் நின்று பிறகு சட்டென்று தாவினாலோ, உள்ளிருக்கும் ஸ்பிரிங்கோ திருகோ பழுதாகியிருக்கிறது. திருகு ஓரிடத்தில் நின்றுவிட்டால் வலிந்து திருப்ப வேண்டாம். அது எல்லையாக இருக்கலாம். எல்லைவரை திருப்பியும் ஜீரோ கிடைக்கவில்லை என்றால் பழுது பெரும்பாலும் கோணலாக அமர்ந்த மவுண்டிலோ பொருந்தாத தகட்டிலோ இருக்கும்.

லென்ஸ் மங்கினால்

வெளிப்புறப் பனிப்படலம் துடைத்தால் போய்விடும். உட்புறத்தில் படிந்தால், நைட்ரஜன் அடைத்து மூடப்பட்ட சைட்டின் முத்திரை உடைந்துவிட்டது. அதை வீட்டில் சரிசெய்ய முடியாது. லென்ஸைத் துடைக்கும் முன் தூசியை ஊதிவிடுங்கள், இல்லாவிட்டால் துணியே மணலை இழுத்துக் கீறும். லென்ஸுக்கென்றே உள்ள திரவமும் மைக்ரோஃபைபர் துணியும் போதும். அசிட்டோனும் அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவங்களும் பூச்சைக் கெடுக்கக்கூடியவை. துப்பாக்கிக் குழலைச் சுத்தம் செய்யும் கரைப்பானும் லென்ஸின் மேல் தெறிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தயாரிப்பாளருக்கு அனுப்ப வேண்டிய நிலை

ஒளிராத எல்இடி, உள்ளே படிந்த ஈரம், பெயர்ந்த அல்லது விரிசல் விட்ட லென்ஸ், சதுரச் சோதனையில் திரும்பி வராத புள்ளி ஆகிய நான்குக்கும் வீட்டில் மருந்தில்லை. உறையைத் திறந்தால் உத்தரவாதமும் போகும், நைட்ரஜனும் போகும். அனுப்பும்போது சைட்டை மட்டும் கழற்றி, பேட்டரியை வெளியே எடுத்துவிட்டு, எந்தெந்தச் சோதனைகளைச் செய்தீர்கள், எதில் என்ன கண்டீர்கள் என்பதை எழுதி, புள்ளியின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். பழுது நீக்கித் திரும்பி வந்த சைட்டை, பழைய இடத்திலேயே பொருத்தினாலும், புதிதாக வாங்கியதாகவே கருதி, புதிய த்ரெட் லாக்கரோடு இறுக்கி, முதலிலிருந்து ஜீரோ செய்ய வேண்டும்.